தொட்டியில் பிழையா, கிணற்றில் பிழையா?

வண்ண மீன் வளர்ப்பது நல்லதொரு பொழுதுபோக்கு என்று சொல்வார்கள். அது பொழுதை மட்டுமன்று, மனிதனுடைய அகந்தையையும் போக்கவல்லது என்பதை நெல்லியடியில் எங்கள் வீட்டு விறாந்தையிலே நான் அறிந்துகொண்டேன். இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பித்துவரும் எனக்கு, ஒரு கண்ணாடித் தொட்டியும் ஆறு மீன்களும் சேர்ந்து கற்பித்த பாடம் ஒன்று உண்டு. அந்தப் பாடம் மீனிலே தொடங்கிக் கிணற்றிலே முடிந்தது. ஆதலின் மீன் வளர்க்காத வாசகர்களும் இக்கட்டுரையைத் தாண்டிச் சென்றுவிடாதிருக்குமாறு வேண்டுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் என் மகனுக்குப் பிறந்தநாட் பரிசாகத் தொட்டி வந்தது. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம். ஏறத்தாழ ஐம்பது லீற்றர் நீர் கொள்ளும். இரண்டு தங்கமீன்களையும், செரி பார்ப் எனப்படும் சிவந்த சிறு மீன்கள் நான்கையும் வாங்கிவந்து விட்டான். ஐந்தாம் நாள் ஒன்று செத்து மிதந்தது. எட்டாம் நாள் இரண்டு. நீர் பால்போலக் கலங்கிற்று. பையன் கண்கலங்கினான்.

“நான் ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்தினனான், அப்பா. கல்லையெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவினனான். பிறகும் ஏன் செத்தது?” என்று கேட்டான்.

“வாயில்லாச் சீவனைக் கண்ணாடிக்குள்ளை அடைச்சு வைச்சால் கண்ணூறு படாமல் என்ன செய்யும்?” என்றார் என் தாயார். கடைக்காரர் நீல நிற மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். நானோ, நீர் இன்னும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று ஆசிரியத் தோரணையிலே கூறினேன். மூவருடைய வைத்தியமும் பலிக்கவில்லை.

கழுவக் கழுவக் கேடு

உண்மையில் மகன் செய்த சுத்தமே முதற் கேடாயிற்று. மீன் உண்டு கழிக்கும் கழிவும், தின்னாமல் அடியிலே கிடந்து அழுகும் உணவும் அமோனியாவாக மாறுகின்றன. பூ எனப்படும் செவுளின் வழியாகவும் மீன் அமோனியாவை ஓயாமல் வெளிவிடுகின்றது. அமோனியா அதற்கு நஞ்சு. குளத்திலே இந்த நஞ்சு பரந்துபோகும். ஐம்பது லீற்றர்த் தொட்டியில் எங்கே போகும்?

அதனை அகற்றுவதற்கு இயற்கை வைத்திருக்கும் தோட்டிகள் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள். அவை இருவகைப்படும். ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். இவற்றை முதன்முதலிற் பிரித்தெடுத்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ரூசிய விஞ்ஞானி. காலம் 1890 அளவில். அவர் ஆராய்ந்தது மண்ணை; ஆயினும் வயலில் நடப்பதே தொட்டியிலும் நடக்கின்றது.

இந்தத் தோட்டிகள் நீரில் மிதந்து திரிவன அல்ல. வடிகட்டியின் பஞ்சிலும், அடியிலுள்ள கல்லிலும், கண்ணாடியின் உட்புறத்திலும் ஒட்டிக்கொண்டு குடியிருப்பன. புதிய தொட்டியொன்றில் இவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். என் மகன் ஒவ்வொரு நாளும் கல்லைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளோரீன் இட்ட கிணற்று நீரிலே பஞ்சைப் பிழிந்து, குடியேற வந்தவற்றையெல்லாம் அன்றன்றே துரத்திக்கொண்டிருந்தான். வீடு பெருக்குபவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வீடு ஏன் குப்பையாகக் கிடக்கின்றது என்று கேட்பது போன்றது இது.

மீனும் செடியும் ஒன்றையொன்று தாங்கி வாழும்படி தொட்டியை அமைக்கலாம் என்ற கருத்துப் புதியதன்று. 1850ஆம் ஆண்டிலே இலண்டனில் இராபட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே பாத்திரத்தில் வாழவைத்து, அதன் விவரத்தை இரசாயனச் சங்கத்தில் வெளியிட்டார். அழுகிய இலைகளை நத்தை தின்னும். கழிவைச் செடி உரமாகக் கொள்ளும். செடி விடும் ஒட்சிசனை மீன் சுவாசிக்கும். அவர் நாடியது கழுவிய தூய்மையை அன்று, சமநிலையை.

சுண்ணக்கல்லின் சொத்து

இரண்டாவது கேடு எங்கள் மண்ணின் கேடு. கேடு என்று சொல்வதுகூடப் பொருந்தாது. குணம் என்று சொல்வதே தகும். யாழ்ப்பாணக் குடாநாடு மயோசின் காலத்துச் சுண்ணக்கல்லின்மீது அமைந்தது. மழை நீர் அக்கல்லைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகின்றது. எங்கள் வீட்டுக் கேத்திலின் உள்ளே வெண்சாந்து பூசியதுபோலப் படிந்திருக்கும் படிவு அதற்குச் சாட்சி. இத்தகைய வன்னீர் காரத்தன்மை உடையது.

இதனால் மீனுக்கு வருவது யாது? அமோனியா முழுவதும் நஞ்சன்று. நடுநிலையான நீரில், அதாவது பி.எச். பெறுமானம் 7 ஆக உள்ளபோது, அதில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். பெறுமானம் 8 ஆகும்போது, எமது வெப்பநிலையில், நச்சு வடிவம் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை உயர்ந்துவிடும். மென்னீர் உள்ள ஊரிலே மீன் தாங்கிக்கொள்ளும் அழுக்கு, வடமராட்சியிலே அதனைக் கொன்றுவிடும். வெளிநாட்டுப் புத்தகத்திற் கண்ட முறையை எழுத்துப் பிசகாமற் செய்தும் மீன் சாவதற்கு இஃதொரு காரணம்.

மீனைத் தெரிந்ததிலும் தவறு இருந்தது. செரி பார்ப் இலங்கைக்கே உரிய மீன். 1929இல் தெரணியகல என்னும் இலங்கை அறிஞர் அதனை விவரித்துப் பெயரிட்டார். தென்மேற்கு ஈரவலயக் காட்டோடைகளிலே, மர நிழலில், இலைச்சருகு ஊறிய மென்னீரில் வாழ்வது அது. அதனைக் கொண்டுவந்து சுண்ணக்கல் நீரிலே திடீரென விடுவது, மலைநாட்டு மனிதனைச் சித்திரை வெயிலிலே தார் றோட்டில் நிறுத்துவதற்கு ஒப்பாகும். கப்பி, மொலி முதலிய மீன்களோ வன்னீரிலே செழித்து வளர்வன. ஊருக்கேற்ற பயிர் என்பதுபோல நீருக்கேற்ற மீன் என்பதும் ஒரு விதி.

நீரின் காரத்தன்மையைக் குறைக்கவென்று துளித்துளியாக அமிலம் விடுவோரும் உளர். வன்னீரிலே கரைந்துள்ள காபனேற்று அந்த அமிலத்தை விழுங்கிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பும். இன்று 8, நாளை 7, மறுநாள் மீண்டும் 8 என்று நீர் ஊசலாடும். நிலையான வன்னீரிலும் இந்த ஊசலாட்டமே மீனுக்குத் தீமை.

தீராத பச்சை

இவ்வளவையும் படித்தறிந்து மீண்டும் தொடங்கினோம். ஆறு வாரம் பொறுத்தோம். நிறம் மாறும் சோதனைத் தாட்கீலங்களை வாங்கி வாரந்தோறும் நீரிலே தோய்த்துப் பார்த்தோம். அமோனியா ஏறி இறங்கிற்று. பின்னர் நைத்திரைற்று ஏறி இறங்கிற்று. கப்பிகள் ஓடி விளையாடின. வெற்றி என்று எண்ணினேன்.

ஆனால் மூன்றாம் மாதம் நீர் பச்சையாயிற்று. கண்ணாடியிலே அல்கா படர்ந்தது. தொட்டியை யன்னல் வெயிலிலிருந்து நகர்த்தினோம். இரண்டு நிமிடத்திலே தின்று முடிக்கும் அளவுக்கு மேல் உணவு போடுவதை நிறுத்தினோம். கிழமைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். பச்சை சற்றே குறைந்ததேயன்றித் தீரவில்லை. தாட்கீலத்திலே நைத்திரேற்றுக்குரிய கட்டம் மட்டும் எப்போதும் ஐம்பதைத் தாண்டிய நிறத்தையே காட்டிற்று. நீர் மாற்றினால் நைத்திரேற்றுக் குறையவேண்டும் என்பது கணக்கு. எங்கள் தொட்டியிலோ மாற்ற மாற்ற அது அசையாது நின்றது.

ஒரு மாலை நேரம். மகன் கிணற்றடியில் நின்று கூப்பிட்டான். “அப்பா, ஓடி வாங்கோ. கிணத்துத் தண்ணியும் அதே நிறமாய்க் கிடக்கு!”

வாளியிலே அப்போதுதான் அள்ளிய நீரில் ஒரு கீலத்தைத் தோய்த்து வைத்திருந்தான். வகுப்பிலே ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பரிசோதனை வேண்டும் என்று வற்புறுத்தும் நான், மூன்று மாதமாகத் தொட்டியையே சோதித்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் ஊற்றும் நீரை ஒருநாளும் சோதிக்கவில்லை. பையன் சோதித்தான். என் அகந்தை போனது அந்தக் கிணற்றடியிலேதான்.

கிணற்றுக்கு வந்த வழி

குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரியிலே பெய்யும் மழையே எமது செல்வம். அது செம்மண்ணின் ஊடாகவும் சுண்ணக்கல்லின் வெடிப்புகள், குழிகள் ஊடாகவும் விரைந்து கீழிறங்கித் தரைக்கீழ் நீராகத் தங்குகின்றது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என நான்கு பெரும் நீர்த்தேக்கங்கள் இவ்வாறு நிலத்தின் கீழே உள்ளன. கீழே உவர்நீர், அதன்மேல் மிதக்கும் நன்னீர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் இருவர் பெயரால் வழங்கும் கணக்கு. மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால் கீழே நாற்பதடியை இழக்கிறோம் என்பதும் அதே கணக்குத்தான். மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீருமாக இருக்கும் புத்தூர் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கூடான எடுத்துக்காட்டு.

விரைந்து நீரை உள்வாங்கும் நிலம், விரைந்து அழுக்கையும் உள்வாங்கும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் யூரியாவிலே பயிர் எடுத்தது போக எஞ்சியது, மண்ணிலுள்ள அதே பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறுகின்றது. நைத்திரேற்று மண்ணிலே ஒட்டாது. நீரோடு நீராக இறங்கிவிடும். வளவின் பின்புறத்து மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் அவ்வாறே. குடாநாட்டுத் தோட்டப் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எடுத்துக்கூறி வந்துள்ளனர்.

இன்னுமொரு சுழற்சி உண்டு. துலாவால் இறைத்த காலத்திலே கை சலிக்கும்போது இறைப்பும் நிற்கும். இயந்திரத்துக்குச் சலிப்பில்லை. கிணற்று நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறோம். வெயிலும் சோழகக் காற்றும் நீரை ஆவியாக்கிக் கொண்டுபோகின்றன. உப்பும் நைத்திரேற்றும் பின்தங்கி, அடுத்த இறைப்போடு அதே கிணற்றுக்குத் திரும்புகின்றன. தொட்டியில் வற்றிய நீருக்குப் பதிலாகக் கிணற்று நீரையே மேலும் மேலும் ஊற்றி, கரைந்தவற்றையெல்லாம் நாங்கள் தடிக்கச் செய்ததும் இதே தவறுதான்.

தொட்டிலிற் கிடந்த பிள்ளை

கீலத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற என் மனைவி, என்னைவிட விரைவாகச் சிந்தித்தாள். “அப்ப பிள்ளைக்குப் பால் கரைக்கிற தண்ணி?” என்றாள்.

பிரசவத்துக்காக வந்திருந்த என் மைத்துனி அப்போது எங்கள் வீட்டிலேயே இருந்தாள். குழந்தைக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் போதவில்லை என்று மாப்பாலும் கொடுத்து வந்தார்கள். மாப்பால் கரைத்தது அதே கிணற்று நீரில், நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிய நீரில்.

கொதிக்கவைத்தால் நோய்க்கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகக் குறையும் அளவுக்கு அது செறிவடையும். சிறு குழந்தையின் வயிற்றிலே நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறுவது எளிது. நைத்திரைற்று இரத்தத்துட் சென்றால், ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினைச் சுமக்க இயலாத வடிவுக்கு மாற்றிவிடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். நீலக்குழந்தை நோய் என்பது இதுவே. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே கோம்லி என்னும் மருத்துவர் கிணற்று நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இலங்கையின் நியமமும் அதுவே.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புதிய தொட்டியிலே நைத்திரைற்று ஏறும்போது மீனின் இரத்தம் கபில நிறமாகி அது மூச்சுக்குத் திணறுவதும் இதே மாற்றத்தாலேதான். தொட்டியில் மீனுக்கு நேர்வதும் தொட்டிலில் பிள்ளைக்கு நேரக்கூடியதும் ஒரே இரசாயனம்.

அன்றிரவே பிள்ளைக்கு வேறு நீர் கொண்டுவந்தோம். மறுநாள் மருத்துவரிடம் காட்டினோம். தெய்வாதீனமாகப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. தாய்ப்பாலையே பெருக்கும் வழிகளைச் சொல்லி அனுப்பினார். தாய் உட்கொள்ளும் நைத்திரேற்றுத் தாய்ப்பாலிலே பெரிதும் சேர்வதில்லை. கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். கீலம் சொன்னது பொய்யன்று என்று அறிக்கை வந்தது.

அயல் தோட்டத்தவரிடம் இதனைச் சொன்னேன். “மாஸ்ரர், உங்கடை மீனுக்காக நான் வெங்காயத்தை விடேலுமோ?” என்று சிரித்தார். பிள்ளையின் கதையைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. “எங்கடை வீட்டிலையும் இந்தத் தண்ணிதானே” என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. என் வீட்டு மலசலகூடக் குழியும் கிணற்றுக்குத் தொலைவில் இல்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது விவசாயிகள் பட்ட பாட்டை நாடு கண்டது. ஆதலின் ஒரே நாளிற் பசளையை ஒழிப்பது வழியன்று. மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவை மட்டும், ஒரேயடியாகக் கொட்டாமற் பல தடவையாகப் பகிர்ந்து இடுவதும், எருவையும் கூட்டெருவையும் சேர்த்துக்கொள்வதும், மழைக்கு முன் யூரியா இடாதிருப்பதும் அவராலும் இயலும், அவருக்கும் இலாபம்.

செய்ய வேண்டியவை

மீன் தொட்டியில் நீர்க்குறை தீராதிருப்பவர்கள் இந்த ஒழுங்கிலே தேடுக.

முதலாவது, தொட்டி நீரையும் கிணற்று நீரையும் ஒரே நாளிற் சோதித்து இரண்டையும் அருகருகே எழுதிவைக்க. கிணற்றிலே இல்லாதது தொட்டியில் இருந்தால் பிழை தொட்டியில். இரண்டிலும் இருந்தால் பிழை வெளியே.

இரண்டாவது, அமோனியாவோ நைத்திரைற்றோ காணப்பட்டால் மீன் தொகையையும் உணவையும் குறைக்க. நாளொன்றுக்கு நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுக. வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிக. சவர்க்காரம் வேண்டாம். குளோரீன் இட்ட நீரைத் திறந்த பாத்திரத்திலே வெயிலில் ஓரிரு நாள் வைத்தபின் ஊற்றுக.

மூன்றாவது, அமிலத் துளிகளோடு போராடாது, வன்னீருக்கு இசைந்த மீனைத் தெரிக.

நான்காவது, மாரியிலே முதல் மழை கூரையைக் கழுவிச் சென்றபின் வரும் நீரைப் பீலி வழியாகப் பிடித்து, மூடிய தாங்கியிலே சேமிக்க. தொட்டியில் வற்றிய அளவை மழைநீரால் நிரப்புக. மாற்றும்போது மழைநீரும் கிணற்று நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுக. மழைநீரை மட்டும் ஊற்றுதல் கூடாது. அதிலே காரத்தன்மையைத் தாங்கி நிறுத்தும் சுண்ணம் இல்லை.

ஐந்தாவது, மணிப்பிளான்ற் கொடியின் வேர் நீரில் மூழ்கும்படி தொட்டியின் விளிம்பிலே வைக்க. அது நைத்திரேற்றை உண்டு தழைக்கும். எங்கள் தொட்டியில் பச்சையைத் தீர்த்தவை மழைநீரும் இந்தக் கொடியுமே. கழித்த நீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினால் அதுவும் வீணாகாது.

ஆறாவது, மீன் இல்லாத வீட்டுக்கும் உரியது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டிலே கிணற்று நீரை ஆய்வுகூடத்திற் சோதிப்பிக்க. வழி தெரியாதோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்க. எல்லை மீறியிருந்தால் பிள்ளைக்கு அந்த நீர் வேண்டாம். துணியால் வடிப்பதும் கொதிக்கவைப்பதும் நைத்திரேற்றை நீக்கா. நுண்சவ்வின் ஊடாக அழுத்திச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்து நீரிலே அது பெருமளவு குறையும்.

2024இல் வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் நீர் வருவது நன்மையே. ஆனால் குழாய் வந்ததென்று கிணற்றைக் கைவிட்டால், அது கழிவுக் குழியாகவே முடியும்.

இப்போது எங்கள் விறாந்தையிலே நீர் தெளிந்திருக்கின்றது. கப்பிகள் குஞ்சு ஈன்றுவிட்டன. மகன் வகுப்புத் தோழர்களின் வீடுகளிலிருந்து போத்தல்களில் நீர் வாங்கிவந்து, கீலம் தோய்த்து, அட்டவணை எழுதுகின்றான். போன கிழமை என்னிடம் வந்து, “அப்பா, தொட்டிக்கு வெளியே போக வழியில்லை, அதனாலைதான் போட்டதெல்லாம் உள்ளையே கிடக்கு. எங்கடை ஊருக்கும் சுத்திவரக் கடல்தானே?” என்று கேட்டான்.

ஆம் என்றேன். அதற்குமேற் சொல்ல ஆசிரியனிடம் ஒன்றும் இருக்கவில்லை.